துப்பறிபவனின் காதல்: ஒரு ஜப்பானியப் படமும் துரோகத்துக்கான ஆதாரமும்

ஒரு மனைவிக்குக் கணவன்மேல் சந்தேகம். துப்பறியும் நிறுவனம் ஒன்றுக்குப் போய்ப் பணம் கட்டுகிறாள். அங்கே வேலை பார்க்கும் ஒருவன் கணவனைப் பின்தொடர்கிறான், வேறொரு பெண்ணோடு உறவு இருப்பது உறுதியாகிறது, ஆதாரமும் கையில் வந்துவிடுகிறது. அதை அவன் மனைவியிடம் கொண்டுபோக வேண்டும், அதற்குத்தான் சம்பளம். ஆனால் நேராகக் கணவனிடம் போய் நிற்கிறான். அந்தக் கணவன் அவனுக்குக் கல்லூரியில் சீனியர், பார்த்து ஏழு வருடம் ஆயிற்று, அந்த ஏழு வருடமும் அதற்கு முன்னாலும் இவன் மனதில் இருந்தது அவன் ஒருவன்தான். விஷயத்தை மறைக்கிறேன், பதிலுக்கு உங்கள் உடம்பு வேண்டும் என்கிறான்.

ஒரு மாங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) வைத்து இஸாவோ யுகிஸாதா இயக்கி 2020 செப்டம்பர் 11 அன்று ஜப்பானில் வெளியான படம் இப்படித்தான் தொடங்குகிறது. ஜூன் 5 அன்று வரவேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போனது. பெயர் "க்யூசோ வா சீஸு நோ யுமே ஓ மிரு", அதாவது "மூலையில் சிக்கிய எலி சீஸைக் கனவு காண்கிறது". காதல் படத்துக்கு இப்படி ஒரு பெயரா என்று தோன்றும், அதற்குப் பின்னால் வருகிறேன். கணவன் ஓதோமோ கியோய்ச்சியாக நடித்தவர் தாதாயோஷி ஓகுரா, துப்பறியும் இமாகாசே வாதாருவாக ரியோ நரிதா. 130 நிமிடம், 15 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, கியோய்ச்சி ஆண்களை விரும்புபவனா இல்லையா என்பதுதான். எனக்கு அது இந்தப் படத்தின் மையக் கேள்வியாகத் தெரியவில்லை. படம் சுற்றிச் சுற்றி வருவது ஆதாரம் என்ற ஒரு சொல்லை. துரோகம் நடந்தது என்று காட்டப் படம் எடுக்கலாம், ரசீது காட்டலாம், போனைத் திறந்து காட்டலாம். அன்பு இருக்கிறது என்பதை எதை வைத்துக் காட்டுவது? ஆதாரம் சேர்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருவனைக் கொண்டுபோய் இந்தக் கேள்விக்கு நடுவில் நிறுத்தியதில்தான் கதையின் சாமர்த்தியம் முழுக்க இருக்கிறது. இதை ரசிக்க ஜப்பானின் பின்னணி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் இந்தக் கட்டுரை. படத்தின் முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் துரோகத்துக்கு அங்கே என்னென்ன பெயர் என்று பார்ப்போம். "உவாகி" என்று ஒரு சொல். எழுத்துகளைப் பிரித்தால் மிதக்கும் மனம். மனசு ஒரு இடத்தில் நிற்காமல் அலைகிறது, அவ்வளவுதான். காதலர்களுக்குள்ளும் சொல்லலாம், கணவன் மனைவிக்குள்ளும் சொல்லலாம், கொஞ்சம் லேசான சொல். அடுத்தது "ஃபுரின்". அறநெறி அல்லாதது என்று பொருள், கல்யாணம் ஆனவர்கள் தாண்டும் கோடு. 1983-ல் டிபிஎஸ் தொலைக்காட்சியில் புறநகர்க் குடும்பங்களின் கள்ள உறவுகளைச் சொன்ன ஒரு தொடர் பெரிய வெற்றி பெற்றது, அதன்பிறகு இது வீட்டுக்கு வீடு புழங்கும் சொல்லாகிவிட்டது. 1990-களின் நடுவில் நாட்டின் முன்னணிப் பொருளாதார நாளிதழிலேயே ஒரு கள்ளக்காதல் நாவல் தொடராக வந்தது, கோட்டுசூட் போட்டவர்கள் காலை ரயிலில் பங்குவிலையோடு சேர்த்து அதையும் படித்தார்கள். இன்னொரு பக்கம், நிஜத்தில் ஒரு நடிகரோ அறிவிப்பாளரோ மாட்டிக்கொண்டால் கதை வேறு. "ஷூகான் புன்ஷுன்" வார இதழ் இப்படி அம்பலப்படுத்துவதற்கு "புன்ஷுன் பீரங்கி" என்றே செல்லப்பெயர் உண்டு. அது வெடித்தால் விளம்பரங்கள் போய்விடும், நிகழ்ச்சிகள் போய்விடும், கேமரா முன்னால் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்க வேண்டும். கதையில் துரோகம் என்றால் ரசித்துப் பார்க்கிற அதே ஊர்தான் நிஜத்தில் கல்லெறிகிறது. நமக்குப் புரியாத சங்கதி இல்லை.

மூன்றாவது சொல் சட்டத்தினுடையது, "ஃபுதே கோய்". கற்புநெறி தவறிய செயல் என்று கொள்ளலாம். ஜப்பான் சிவில் சட்டத்தின் 770-வது பிரிவு விவாகரத்துக்கான காரணங்களைச் சொல்கிறது, அதில் முதலாவது இதுதான். போருக்கு முன்னால் குற்றவியல் சட்டத்திலேயே இது இருந்தது, ஆனால் மனைவி தவறினால் மட்டும் குற்றம், கணவனுக்குக் கேள்வி இல்லை. 1947-ல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். இன்றைக்கு இது போலீஸ் விஷயம் அல்ல, பண விஷயம். மனவேதனைக்கு ஈடாகத் தரும் தொகைக்கு "இஷார்யோ" என்று பெயர். துணையிடம் மட்டும் இல்லை, துணையோடு உறவு வைத்த மூன்றாம் ஆளிடமும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1979-லேயே சொல்லிவிட்டது. இங்கேதான் துப்பறியும் நிறுவனங்களுக்குச் சோறு கிடைக்கிறது. விவாகரத்தில் பெரும்பாலானவை நீதிமன்றப் படி ஏறாமல், இருவரும் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு (2021 வரை முத்திரையும் குத்தி) உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்ததும் முடிந்துவிடுகின்றன. அந்தப் படிவத்துக்கு முன்னால் நடக்கும் பேரத்தில் யார் கையில் ஆதாரம் இருக்கிறதோ அவர் பக்கம் தராசு சாயும். ஜோடிகளுக்கு மணிக்கணக்கில் அறை தரும் லவ் ஹோட்டலுக்குள் இருவர் நுழைவதும் வெளியே வருவதுமாக நேரம் பதிந்த படங்கள் இருந்தால் எதிர்ப்பக்கத்துக்குப் பேச வாய் இருக்காது. இந்தத் தொழிலில் அட்டூழியங்கள் மிகுந்துபோனதால் 2006-ல் தனிச் சட்டமே கொண்டுவந்து, 2007 ஜூன் முதல் நிறுவனங்கள் மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்திடம் பதிய வேண்டும் என்று ஆக்கினார்கள். இமாகாசே செய்வது அந்தத் தொழிலின் எல்லா விதியையும் மிதிக்கும் காரியம், சுத்தமான மிரட்டல். படம் அதைப் பூசி மெழுகுவதும் இல்லை, அதற்காக அவனை வில்லனாக்குவதும் இல்லை.

இப்போது ஒரு வேடிக்கை. மனைவியின் பெயர் சிகாகோ (ஊர் இல்லை, பெயர்தான்). அவளுடைய கோப்பில் இரண்டு விஷயங்கள் இருந்திருக்கலாம்: கணவன் ஒரு பெண்ணோடு பழகியது, பிறகு துப்பறிபவனோடேயே பழகியது. முதலாவது சந்தேகமே இல்லாமல் "ஃபுதே கோய்". இரண்டாவது? மூலக்கதை எழுதப்பட்ட காலத்தில் அதற்கு நேரான பதில் கிடையாது. ஒரு கணவன் இன்னொரு ஆணோடு உறவு வைத்திருந்த வழக்கில் நகோயா மாவட்ட நீதிமன்றம் 1972-ல் விவாகரத்துக் கொடுத்தது, ஆனால் கற்புநெறி தவறினான் என்று சொல்லி அல்ல. "மணவாழ்வைத் தொடர முடியாத வேறு கடுமையான காரணம்" என்ற கடைசிப் பிரிவில் தூக்கிப் போட்டது. ஆணும் ஆணும் செய்வது துரோகக் கணக்கிலேயே வரவில்லை, அது ஏதோ "வேறு". தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஒரே பாலினத்தவரோடு வைத்த உறவும் "ஃபுதே கோய்"தான் என்று சொன்னது 2021 பிப்ரவரி 16-ல், படம் வெளிவந்து ஐந்து மாதம் கழித்து. அது இரண்டு பெண்களைப் பற்றிய வழக்கு. மனைவியோடு உறவு வைத்த பெண்மேல் கணவன் வழக்குப் போட்டார், கிடைத்த தொகை 1,10,000 யென். இத்தகைய வழக்குகளில் பத்து லட்சம் யென் என்பதெல்லாம் சாதாரணப் பேச்சு, ஆகவே கொள்கையளவில் ஒப்புக்கொண்டு கையில் சில்லறையைக் கொடுத்தார்கள் என்று நான் படித்தபோது தோன்றியது.

இன்னொரு பக்கம் கொஞ்சம் ஆச்சரியமானது. கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தராத இரு பெண்கள், சேர்ந்து வாழ்ந்தவர்கள், ஒருவர் துரோகம் செய்துவிட்டார் என்று இன்னொருவர் வழக்குப் போட்டார். உத்சுனோமியா மாவட்ட நீதிமன்றத்தின் மோக்கா கிளை 2019 செப்டம்பரில் 11 லட்சம் யென் ஈடு கொடுக்கச் சொன்னது, தோக்கியோ உயர் நீதிமன்றம் 2020 மார்ச்சில் அதை உறுதி செய்தது, உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 17 தேதியிட்ட முடிவில் மேல்முறையீட்டைத் தள்ளியது. அதே மார்ச் 17-ல்தான் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை மறுப்பது அரசமைப்புக்கு முரண் என்று முதல்முறையாகச் சொன்னது. அப்புறம் பல உயர் நீதிமன்றங்கள் அப்படியே சொன்னாலும் 2025 நவம்பரில் தோக்கியோ உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு எதிர்ப்பக்கம் போனது. ஷிபுயா, செத்தாகயா என்று தோக்கியோவின் இரண்டு வட்டாரங்கள் 2015 நவம்பரில் தொடங்கி வைத்த துணைமைச் சான்றிதழ்கள் இன்று பல ஊர்களில் உண்டு, ஆனால் அது கல்யாணம் ஆகாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே துரோகத்துக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் குறும்பாக இருக்கும், ஆனால் அதுதான் நடந்தது.

சரி, படத்துக்குத் திரும்புவோம். விஷயத்தை மூடி மறைத்தும் சிகாகோ விவாகரத்து கேட்கிறாள், கியோய்ச்சி சம்மதிக்கிறான், தனி வீடு எடுக்கிறான், இமாகாசே அங்கே வந்து ஒட்டிக்கொள்கிறான். இந்த "சம்மதிக்கிறான்" என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆள் எல்லாவற்றுக்கும் சம்மதிப்பவன். யாராவது ஆசைப்பட்டால் அவர்களோடு போவான், போகாதே என்றால் நிற்பான். மாங்கா வாசகர்களிடையே அவனுக்கு "நகாஸாரே ஸமுராய்" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போகும் வீரன். நம் ஊர்ப் பேச்சில் ஆற்றோடு போகிற கட்டை. எல்லாப் பெண்களும் அவனை நல்லவன், மென்மையானவன் என்கிறார்கள். ஜப்பானியத்தில் "யஸாஷீ" என்ற அந்தச் சொல் பெரிய பாராட்டு, அதையே இந்தப் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசப்பாக்கிவிடுகிறது. யாரிடமும் முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லாத ஒருவனை மென்மையானவன் என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? அவன் துரோகம் செய்வது காமத்தால் இல்லை, மறுக்கத் தெரியாததால். யாரையும் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே அவனுடைய துரோகம் என்று நான் சொல்வேன். அதில் அவன் மனைவிக்குச் செய்தது, பழைய காதலிக்குச் செய்தது, இமாகாசேவுக்குச் செய்தது எல்லாமே ஒரே குற்றம்தான்.

இமாகாசே எதிர்த்துருவம். இவன் பன்னிரண்டு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பழகியவன். காதலிலும் அதையே செய்கிறான். கியோய்ச்சியின் போனை நோண்டுகிறான், யாரோடு பேசினாய் என்று துருவுகிறான், பிறகு தன்மேலேயே வெறுப்பு வந்து சுருண்டுபோகிறான். வீட்டில் ஒரு உயரமான முக்காலி இருக்கிறது, அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து புகைத்தபடி இருப்பான். நரிதா அந்த நீண்ட உடம்பை ஒரு பறவை மாதிரி மடித்து உட்காருவதைப் பார்த்தால், இவன் எந்த நேரமும் பறந்துவிடுவானா இல்லை கூட்டிலேயே கிடந்து சாவானா என்று சொல்ல முடியாது. இவனுடைய கோபத்துக்குத் தமிழில் ஊடல் என்ற ஒரே சொல் போதும். சண்டை போடுவது விலகுவதற்கு அல்ல, தன்னைப் பிடித்து இழுக்கிறானா என்று பார்ப்பதற்கு. கியோய்ச்சியோ இழுக்கவும் மாட்டான், தள்ளவும் மாட்டான்.

மொழிபெயர்ப்பு வரிகளில் காணாமல் போகும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், தமிழர்களுக்கு இது உடனே விளங்கும். இமாகாசே படம் நெடுக கியோய்ச்சியைச் "சென்பாய்" என்றுதான் கூப்பிடுகிறான். பள்ளியிலோ கல்லூரியிலோ வேலையிலோ தனக்கு முன்னால் சேர்ந்தவர் சென்பாய், பின்னால் வந்தவர் கோஹாய். பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. மரியாதை விகுதிகளோடுதான் பெரும்பாலும் பேசுகிறான். கியோய்ச்சி பதிலுக்கு "ஓமாயே" என்கிறான், நம் "டேய், நீ" மாதிரி. அதாவது ஒருவன் "நீங்க" என்று கெஞ்சுகிறான், மிரட்டுகிறான், படுக்கையிலும் "நீங்க"தான், இன்னொருவன் "நீ" என்று சலித்துக்கொள்கிறான். ஆங்கில வரிகளில் எல்லாம் ஒரே "யூ"வாகிவிடுகிறது. மிரட்டுகிற கை இமாகாசேவுடையதாக இருந்தாலும் அதிகாரம் எந்தப் பக்கம் என்பது அந்த விகுதியில் ஒவ்வொரு வரியிலும் தெரிந்துகொண்டே இருக்கிறது. எத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்தாலும் சீனியர் சீனியர்தான். நான் இரண்டாம் முறை பார்த்தபோது வரிகளை அணைத்துவிட்டு விகுதிகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்துக்கே அது போதுமாக இருந்தது.

மாங்கா பற்றி இரண்டு வார்த்தை. மூலக்கதை செத்தோனா மிசுஷிரோ எழுதி வரைந்தது. 2000-களின் நடுவில் ஷோகாகுகான் பதிப்பகத்தின் வயதுவந்த பெண்களுக்கான காமிக்ஸ் இதழில் வந்தது, தொடர்ச்சி நூல் 2009-ல். இதழ் எது என்பது முக்கியம். ஆண்-ஆண் காதலைச் சொல்லும் "பாய்ஸ் லவ்" வகைக்கு ஜப்பானில் தனி இதழ்கள், தனிக் கடை அலமாரிகள் எல்லாம் உண்டு. 1970-களில் சிறுமிகளுக்கான மாங்காவில் பெண் படைப்பாளிகள் தொடங்கி, 1978-ல் "ஜூன்" என்ற தனி இதழ் வந்து, 1990-களில் பெரிய வணிகமாக வளர்ந்தது. எழுதுவதும் படிப்பதும் பெரும்பாலும் பெண்கள். அதற்கென்று சில விதிகளும் உருவாகிவிட்டன: ஒருவன் எப்போதும் முன்னால் நிற்பவன், இன்னொருவன் எப்போதும் ஏற்பவன், இந்த இடம் மாறாது. பெண்கள் வந்தால் வில்லியாக வருவார்கள், இல்லையென்றால் வாழ்த்திவிட்டு ஒதுங்குவார்கள். மிசுஷிரோவின் கதை வந்ததோ கணவன், மாமியார், வேலை, கள்ள உறவு எல்லாம் பேசும் இதழில். அதனால்தான் இங்கே பெண்களுக்கு முதுகெலும்பு இருக்கிறது, யார் எந்த இடத்தில் என்பதும் பாதியில் புரண்டுவிடுகிறது. இந்தப் புரட்டல் வெறும் படுக்கைக் கணக்கு இல்லை. அதுவரை தனக்கு நடப்பதை ஏற்றுக்கொண்டே இருந்த கியோய்ச்சி முதல்முறையாகத் தானாக ஒன்றைச் செய்கிறான், ஆற்றோடு போன கட்டை கை நீட்டுகிறது. அந்தக் காட்சிகளை இவ்வளவு வெளிப்படையாக எடுத்திருக்க வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. என் பார்வையில் அதை மூடியிருந்தால் கதையின் திருப்பமே மூடிப்போயிருக்கும்.

கியோய்ச்சியாக நடித்த ஓகுரா அப்போது "கஞ்சானி எயிட்" என்ற ஆண்கள் பாட்டுக்குழுவில் இருந்தவர். அங்கே ஐடல் எனப்படும் இத்தகைய நட்சத்திரம் என்றால் ரசிகைகளுக்குச் சொந்தம் மாதிரி, காதலிப்பது தெரிந்தாலே பிரச்சினை. அப்படிப்பட்டவர் இந்த வேடம் போட்டது சின்ன விஷயம் இல்லை. அவருடைய முகத்தில் ஒன்றும் ஓடாத மாதிரி ஒரு வெறுமை உண்டு, நடிப்பு வரவில்லை என்று சிலர் எழுதினார்கள், எனக்கு அது கியோய்ச்சிக்குப் பொருத்தமாகவே பட்டது.

ஜப்பானில் ஆணும் ஆணும் என்றதும் பலர் எடோ காலத்துக்கு, அதாவது 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையிலான சாமுராய் ஆட்சிக் காலத்துக்குப் போய்விடுவார்கள், நானும் ஒரு நடை போய்வருகிறேன். 17-ஆம் நூற்றாண்டில் சாமுராய்களுக்குள் மூத்தவனும் இளையவனும் வைத்த உறவுக்கு "ஷூதோ" என்று பெயர், மறைக்கத் தேவையில்லாதது. இருவரும் சகோதர உறுதிமொழி எடுத்துக்கொள்வதும் அதை எழுத்தில் கொடுப்பதும் உண்டு, வாக்குத் தவறினால் கத்தி வரைக்கும் போகும். ஆனால் இளையவனுக்கு வயது ஏறியதும் உறவு நட்பாக மாறிவிட வேண்டும், கல்யாணம் தனி வழியில் நடக்கும், ஒன்று இன்னொன்றுக்குத் துரோகம் என்று யாரும் நினைக்கவில்லை. அதற்கு அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் 1870-களில் சில வருடங்கள் மட்டும் ஆண்-ஆண் உடலுறவு குற்றமாக இருந்தது, 1882-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அது இல்லை, அதற்குப்பின் வரவும் இல்லை. தண்டனை கிடையாது, இடமும் கிடையாது என்ற இந்த நிலைதான் இன்றைய ஜப்பானுக்கு வந்து சேர்ந்திருப்பது. யாரும் அடிக்க மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். கியோய்ச்சியும் இமாகாசேவும் ஒரு வீட்டில் வாழ்வதை யாரும் தடுக்கவில்லை என்பதைப் படத்தில் பாருங்கள். அப்பாவோ அக்கம்பக்கமோ போலீஸோ வந்து குறுக்கே நிற்பதில்லை. வெளியே எதிரி இல்லாததால் எல்லாம் அந்த இரண்டு பேர் தலையில் விழுகிறது.

இனி அந்த உணவகக் காட்சி. நத்ஸுகி என்று கல்லூரிக் காலத்துக் காதலி திரும்ப வருகிறாள். கூர்மையான பெண், இரண்டு பேரைப் பார்த்ததுமே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்கிறாள். மூன்று பேரும் ஒரே மேஜையில். இவனா நானா, இங்கேயே சொல் என்கிறாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கியோய்ச்சி வாய் திறந்து தேர்ந்தெடுத்தாக வேண்டும், சாதாரண ஆணால் இன்னொரு ஆணைத் தேர்ந்தெடுக்க முடியாது என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு அவளோடு போகிறான். இமாகாசே உட்கார்ந்திருக்கிறான். பிறகு ஹோட்டல் அறையில் அவனுக்கு உடம்பு ஒத்துழைப்பதில்லை. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது, சொன்னது பொய் என்று நிரூபிக்க ஒரு ஆதாரம் கடைசியில் கிடைத்தே விட்டது, அதுவும் அவன் உடம்பிலிருந்தே. நத்ஸுகி அதற்கு மேல் அழுது அரற்றுவதில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குத்தான் நேரமாகிறது.

தமாகி வருவது அதற்கப்புறம். அலுவலகத்தில் கூட வேலை செய்பவள், நல்ல பெண், கல்யாணத்துக்கு ஏற்றவள் என்று எவரும் சொல்வார்கள். இமாகாசேவும் கியோய்ச்சியும் காரில் கடற்கரைக்குப் போய்ப் பிரிகிறார்கள். விடியற்காலைக் கடல், குளிர்காற்று. மனதார ஒருவரை நேசிப்பது என்றால் எல்லா விஷயத்திலும் அந்த ஒருவர் மட்டும் விதிவிலக்காகிவிடுவது, அது உங்களுக்குப் புரியாது என்ற பொருளில் இமாகாசே சொல்கிறான். கதையின் சாவி அந்த விதிவிலக்கு என்ற சொல்லில் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பொறியும் இருக்கிறது.

பொறி என்னவென்றால், பாய்ஸ் லவ் கதைகளில் தேய்ந்துபோன ஒரு வசனம் உண்டு: எனக்கு ஆண்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும். ஆண்களை விரும்பாத நாயகனை அங்கே "நொன்கே" என்பார்கள், அவன் மனம் மாறுவதுதான் கதை. வாசகிகளுக்கு இது உச்சபட்சக் காதல், பாலினத்தையே தாண்டிவிட்டது என்று. ஆண்களை விரும்பும் ஆண்களில் பலருக்கு இது எரிச்சல். எங்களைப் போன்றவன் இல்லை என்று பூசி மெழுகிவிட்டு எங்கள் வாழ்க்கையை வைத்துக் காதல் செய்கிறீர்களா என்று. 1992-ல் ஒரு சிறு பெண்ணிய இதழில் ஓர் ஓரினச்சேர்க்கை ஆண் இதே கோபத்தை எழுதப்போய், அது "யாவோய் விவாதம்" (யாவோய் என்பது இவ்வகைக் கதைகளுக்கு இன்னொரு பெயர்) என்ற பெயரில் சில வருடம் நீண்டது. கியோய்ச்சியின் கதை இந்தக் குற்றச்சாட்டில் அப்படியே மாட்டிக்கொள்ளும் கதைதான். ஆனால் படம் ஒரு காட்சியில் அதைக் கொஞ்சம் நேராகப் பார்க்கிறது. இமாகாசே போன பிறகு கியோய்ச்சி ஆண்கள் கூடும் ஒரு கேளிக்கை இடத்துக்குத் தனியாகப் போகிறான். ஒருவேளை நான் இவர்களில் ஒருவனோ என்று பார்க்க வந்தவன் மாதிரி நிற்கிறான். சுற்றிலும் எத்தனையோ ஆண்கள், அவர்களுக்கு அது சொந்த வீடு, இவனுக்கு அங்கேயும் இடம் இல்லை, அழுகை வந்துவிடுகிறது. அவன் தன்னை விதிவிலக்கு என்று பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை, எங்கும் சேராதவனாக நிற்கிறான். இது அந்தக் குற்றச்சாட்டுக்கு முழுப் பதில் ஆகாது என்றுதான் நினைக்கிறேன், இமாகாசேவைப் போன்றவர்களின் உலகம் படத்தில் அந்த ஒரு காட்சிக்குமேல் இல்லவே இல்லை. ஆனால் கேள்வி காதில் விழாத மாதிரி நடிக்கவில்லை.

தலைப்புக்கு வருகிறேன். "க்யூசோ நெகோ ஓ கமு" என்று ஜப்பானில் ஒரு பழமொழி, மூலையில் சிக்கிய எலி பூனையையும் கடிக்கும். பழைய சீன நூலிலிருந்து வந்தது. நம் சாது மிரண்டால் காடு கொள்ளாது கிட்டத்தட்ட இந்தக் குடும்பம்தான். மிசுஷிரோ அதைத் திருப்பிப் போடுகிறார்: இந்த எலி கடிப்பதற்குப் பதிலாகச் சீஸைக் கனவு காண்கிறது. பொறிக்குள் வைக்கும் சீஸ். தொடர்ச்சி நூலின் தலைப்பிலும் இதே விளையாட்டு. "வெட்டுப்பலகை மேல் கெண்டைமீன்" என்றால் விதிப்படி ஆகட்டும் என்று கிடப்பவர், அவர் தலைப்பில் அந்தக் கெண்டைமீன் இரண்டு முறை துள்ளுகிறது. பலர் எலி என்றால் கியோய்ச்சி, பூனை என்றால் இமாகாசே என்று படிக்கிறார்கள், முதல் பாதிக்கு அது சரி. இரண்டாம் பாதியில் எனக்கு அது இடம் மாறித் தெரிந்தது.

ஏனென்றால் கடைசியில் இப்படி ஆகிறது. கியோய்ச்சிக்கும் தமாகிக்கும் நிச்சயமாகிவிட்டது. இமாகாசே திரும்பி வருகிறான். மற்றவர்களின் கள்ள உறவுகளைப் படம் பிடித்துச் சம்பாதித்தவன், தன்னையே கள்ள உறவாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறான், இரண்டாம் இடம் போதும் என்கிறான். சிகாகோவுக்காக அவன் எந்த மாதிரி ஆளைத் தேடிப் போனானோ அந்த ஆளாகவே ஆகிவிடத் தயார். பழைய கியோய்ச்சியாக இருந்தால் இதற்கும் சரி என்றிருப்பான், இரண்டு பேருமே அழாமல் இருக்க அதுதான் எளிய வழி. ஆனால் இந்த முறை அவன், தமாகியிடம் முடித்துக்கொள்கிறேன், நீ இங்கே இரு என்கிறான். இமாகாசே கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. காலையில் பார்த்தால் அவன் இல்லை.

ஏன் ஓடினான் என்று படம் சொல்லவில்லை. ஒரு விளக்கம் எனக்குப் படுவது: வாசலுக்கு வெளியே நின்று பார்க்கப் பழகியவனுக்குக் கதவு திறந்ததும் உள்ளே போகத் தெரியவில்லை. சந்தேகப்பட ஒன்றும் இல்லாத காதலில் அவனுக்கு வேலை என்ன? இன்னொரு விளக்கம், கியோய்ச்சியின் வாக்கை நம்ப அவனிடம் ஒரு ஆதாரமும் இல்லை, படிவமும் இல்லை முத்திரையும் இல்லை, இதற்குமுன் இதே வாய் உணவக மேஜையில் என்ன சொன்னது என்பது மட்டும் நினைவிருக்கிறது. எங்கோ இன்னொருவனோடு படுத்துக்கொண்டு அழுகிறான், கியோய்ச்சிக்கு அது தெரியாது.

கியோய்ச்சி தமாகியிடம் உண்மையைச் சொல்லி முடித்துக்கொள்கிறான். அது அவளுக்குச் செய்யும் அநியாயம்தான், படம் அதை மறைக்கவில்லை, அவள் முகத்தைக் காட்டுகிறது. பிறகு வீட்டுக்கு வருகிறான். அந்த உயரமான முக்காலி அதே இடத்தில் இருக்கிறது. ஏறி உட்காருகிறான், இமாகாசே உட்கார்ந்த மாதிரியே, வாசலைப் பார்த்துக்கொண்டு.